தைல டப்பாவில் நற்கருணை

சந்தியாகு சாமியார் பயந்த சுபாவம். இதை அவரே ஒத்துக்கொள்வார். பிரசங்கத்தில் விசுவாசத்துக்காக உயிரை விட்ட வேதசாட்சிகளின் கதையைச் சொல்லும்போது குரல் கணீரென்று இருக்கும். தெருவில் ஒரு ஜப்பான் சிப்பாயின் பூட்ஸ் சத்தம் கேட்டால் வயிறு கலங்கிவிடும். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்து நான்கில் மலாயாவின் சுங்கை சிப்புட்டில் யாருக்குத்தான் கலங்கவில்லை என்று கேட்பீர்கள். நியாயம்தான். சாமியாருக்குக் கொஞ்சம் கூடுதலாகவே கலங்கும்.

அன்று மதியம் ஆற்றுக்கு அக்கரைத் தோட்டத்திலிருந்து சன்னாசி ஓடிவந்தான். மாரியம்மனைக் கும்பிடுகிறவன், அதனால் மாதா கோயில் வாசலிலேயே நின்றுகொண்டான். அவன் வீட்டுக்கு அடுத்த வீட்டில்தான் பாப்பா இருந்தாள். வயது முப்பத்தெட்டு. புருஷனைச் சயாமுக்கு ரயில்பாதை போடப் பிடித்துக்கொண்டு போய் ஒரு வருஷத்துக்கு மேலாகிறது, உயிரோடு இருக்கிறானா என்றுகூடத் தகவல் இல்லை.

"சாமி, பாப்பாக்கா இன்னிக்குத் தாண்டாது. காலு வீங்கி, வயிறு வீங்கி, இப்ப மூஞ்சியும் வீங்கிருச்சு. நன்மை வேணும், நன்மை வேணும்னு ஒரே புலம்பல். அது என்னான்னு எனக்குத் தெரியாது. நீங்க வந்தா போதும்லா."

ஆண்டவரின் உடலே என்று நம்பும் நற்கருணை அப்பத்தைத்தான் கிறிஸ்தவர்கள் நன்மை என்பார்கள். சாகிறவர் வாயில் கடைசியாக அதைத்தான் வைக்க வேண்டும். கோதுமை மாவில் செய்ததாக இருக்க வேண்டும், மரவள்ளி மாவு செல்லாது. ஊரே மரவள்ளியைத் தின்று உயிர் வாழ்ந்த காலத்தில் கோதுமைக்கு எங்கே போவது? ஈப்போ கன்னியாஸ்திரிகள் ஒளித்துவைத்திருந்த கடைசி மாவும் தீர்ந்துவிட்டது. கோயிலின் நற்கருணைப் பேழையில் மீதி இருந்தது இரண்டே அப்பம்.

ஒன்றை எடுத்தார். வெள்ளிச் சிமிழைக் கொள்ளைக்குப் பயந்து பலாமரத்தடியில் புதைத்திருந்ததால், கழுவிய தைல டப்பா ஒன்றில் வெள்ளைத் துணி விரித்து அப்பத்தை வைத்து, அங்கிக்குள் நெஞ்சோடு கட்டிக்கொண்டார். அந்த நிமிஷத்திலிருந்து அவர் பேசக்கூடாது. ஆண்டவரைச் சுமந்து போகிற குரு வழியில் யாரோடும் பேசுவதில்லை, யாருக்கும் வணக்கம் சொல்வதில்லை. இருபத்திரண்டு வருஷமாக அவர் அதை ஒரு நாளும் மீறியதில்லை.

நாலு மைல் நடை. பாதி வழியில் பாலம், பாலத்தில் காவல். சிப்பாய்க்கு முன்னால் இடுப்பு மடங்கக் குனிந்துவிட்டுத்தான் கடக்க வேண்டும். சன்னாசி முன்னால் நடந்தபடி பேசிக்கொண்டே வந்தான். பதில் வராது என்று தெரிந்தும் பேசினான், பாவம், அவனுக்கும் பயம்.

"போன வாரம் நம்ம தோட்டத்து ஆஸ்பத்திரி டிரஸ்ஸரை இந்தப் பாலத்துலதான் புடிச்சாங்க சாமி. டப்பால வெள்ளை மாத்திரை வச்சிருந்தாராம். மலைக்காரங்களுக்குக் காய்ச்சல் மருந்து, கொயினா கொண்டு போறியான்னு கேட்டே அடிச்சிருக்காங்க. ஆளு இன்னும் திரும்பலலா."

வெள்ளையாக, வட்டமாக, டப்பாவுக்குள். சாமியாரின் கை நெஞ்சிலிருந்த டப்பாவைத் தொட்டது. காட்டில் ஒளிந்திருந்த கெரில்லாக்களுக்கு மருந்து கொடுப்பவன் என்று ஒருமுறை எழுதிவிட்டால் அப்புறம் யார் சொல்லியும் அழிக்க முடியாது. பாலம் கண்ணில் பட்டது. காவல் கொட்டகை தெரிந்தது. துப்பாக்கி முனையில் வெயில் மின்னியது. 'ஆண்டவருக்கு அவமரியாதை நேரும் ஆபத்து வந்தால் குருவே உட்கொண்டுவிடலாம்' என்று படித்த சட்டம் எங்கிருந்தோ வந்து காதில் ஓதியது. புதர் மறைவில் ஒதுங்கினார், டப்பாவைத் திறந்தார், அப்பத்தை வாயில் போட்டு விழுங்கினார்.

பாலத்தில் சிப்பாய் குத்துக்காலிட்டு உட்கார்ந்து வாழைப்பழம் தின்றுகொண்டிருந்தான். இவர்கள் குனிந்ததை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. போங்கள் என்று பழத்தோலாலேயே கையசைத்தான்.

அக்கரையில் பத்தடி போனதும் சாமியார், "தண்ணி இருக்கா சன்னாசி?" என்றார்.

சன்னாசி திரும்பிப் பார்த்தான். "பேசுறீங்களே சாமி?"

சாமியார் தலையைக் குனிந்துகொண்டார். சட்டம் இருக்கிறது, உண்மைதான். ஆனால் அவர் காப்பாற்றியது ஆண்டவரையா, தன் முதுகுத் தோலையா? வழி நெடுக அதைத் தன்னையே கேட்டுக்கொண்டு நடந்தார். பதில் தெரிந்த கேள்விதான், அதனால்தான் அத்தனை வலித்தது.

தோட்டத் தொழிலாளர்களின் லயத்து வீட்டில் பாப்பா சாக்குப் படுக்கையில் சாய்ந்திருந்தாள். மரப்பெட்டி மேல் வெள்ளைத் துணி விரித்து மெழுகுவர்த்தி ஏற்றியிருந்தார்கள். அந்தக் காலத்தில் ஒரு மெழுகுவர்த்திக்கு யார் யாரிடம் கையேந்தினார்களோ! வீங்கிய இமைகளுக்கு நடுவே கண் கீற்றாகத்தான் தெரிந்தது. பாவசங்கீர்த்தனம் செய்தாள். பக்கத்து வீட்டுக் கோழிமுட்டை ஒன்றைத் திருடியதுதான் பெரிய பாவம். சாமியார் மன்னிப்பு வழங்கினார். அடுத்தது நன்மை. பாப்பா கண்ணை மூடி, நாக்கை நீட்டிக் காத்திருந்தாள்.

சாமியார் காலி டப்பாவைத் திறந்து அதையே பார்த்தபடி நின்றார். விஷயம் புரிந்துவிட்ட சன்னாசி அவர் கையைப் பிடித்துத் அவசரமாக வாசலுக்கு இழுத்துப்போனான். அவன் உள்ளங்கையில் மரவள்ளி அப்பளத்தின் ஒரு துண்டு, சின்னதாக, வட்டமாக உடைத்தது.

"குடுத்துருங்க சாமி. அதுக்குக் கண்ணே தெரியல. நிம்மதியாப் போய்ச் சேரட்டும்லா."

கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை அவன். அதுதான் கஷ்டம். சாமியார் அந்தத் துண்டை வாங்கிக்கூட விட்டார். இரண்டு விரலுக்கு நடுவில் அது சரியாக உட்கார்ந்தது. கொடுத்துவிட்டால் யாருக்கும் தெரியாது, அவள் சிரித்துக்கொண்டே போய்விடுவாள், இவரும் பொழுது சாய்வதற்குள் வீடு திரும்பிவிடலாம். உள்ளே போனார். அந்த நீட்டிய நாக்கைப் பார்த்தார். அவரால் முடியவில்லை. துண்டை அங்கிப் பையில் போட்டுவிட்டுப் படுக்கைக்குப் பக்கத்தில் மண் தரையில் முழங்காலில் விழுந்தார்.

"பாப்பா, எங்கிட்ட நன்மை இல்லம்மா. உனக்குக் கொண்டுவந்ததை வழியிலேயே நான் முழுங்கிட்டேன்."

பாப்பா நாக்கை உள்ளே இழுத்துக்கொண்டாள். பிறகு மெதுவாகக் கேட்டாள். "பசிச்சிருச்சா சாமி?"

அடடா, எவ்வளவு சுலபமான வாசல் அது! ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், பசியை மன்னிக்காதவர் அந்த வருஷம் யார் இருந்தார்கள்?

"இல்லம்மா. பயம். பாலத்துல சிப்பாயப் பாத்து பயந்துட்டேன். அவன் என்னை ஏறிட்டுக்கூடப் பாக்கல."

பாப்பா வீங்கிய கையை நீட்டித் துழாவி அவர் தலையைத் தொட்டாள். "எனக்கும் பயமாத்தான் இருக்கு சாமி. தனியாப் போவணும்ல? அதான் ஆண்டவரு கூட வரட்டும்னு கேட்டேன்." மூச்சு வாங்கியது. "போய் எடுத்துட்டு வாங்க. நான் இருக்கேன்."

பாலத்தை ஆறு மணிக்கு அடைத்துவிடுவார்கள். அதுவும் ஜப்பான்காரர்கள் திருப்பிவைத்த டோக்கியோ மணிக்கு. நம் சூரியனுக்கு அப்போது நாலரைதான். பாலம் இரண்டு மைல், அங்கிருந்து கோயில் இரண்டு மைல், திரும்பப் பாலத்துக்கு இரண்டு மைல். ஐம்பத்தொரு வயது, காலையில் குடித்தது மரவள்ளிக் கஞ்சி. சன்னாசியைப் பாப்பாவுக்குத் துணை வைத்துவிட்டுச் சாமியார் அங்கியைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடினார். ஓடினார் என்பது மரியாதைக்கு. பாதி தூரம் தள்ளாடினார். பேழையைத் திறந்து கடைசி அப்பத்தை எடுத்தபோது, வரும் ஞாயிற்றுக்கிழமைக்கு என்ன செய்வது என்று ஒரு கணம் தோன்றியது. டப்பாவை மூடிக்கொண்டு மறுபடி புறப்பட்டார்.

பாலத்தில் மூங்கில் தடுப்பை இறக்கிக்கொண்டிருந்தார்கள். இப்போது காவலில் நின்றவன் வேறொருவன், நெட்டையன். சாமியார் முன்னால் போய் நின்றார். நெஞ்சில் ஆண்டவர் இருக்கிறார். யாருக்கும் குனியக்கூடாது, குனியாவிட்டால் கடக்க முடியாது. சீடர்களின் காலைக் கழுவக் குனிந்தவருக்கு இது பெரிதில்லை, பாப்பாவுக்காக இவனிடமும் குனிவார் என்று நினைத்துக்கொண்டு இடுப்பு மடங்கக் குனிந்தார்.

அவன் நெஞ்சைத் தட்டிப் பார்த்தான். டப்பா சத்தம் கொடுத்தது. பிடுங்கித் திறந்தான்.

"குசூரி?"

மருந்தா என்று கேட்கிறான். அந்தச் சொல் அப்போது சின்னக் குழந்தைக்கும் தெரியும். சாமியார் இல்லையென்று தலையாட்டினார். கன்னத்தில் ஓர் அறை விழுந்தது. காது கொய்யென்றது. சிப்பாய் அப்பத்தை எடுக்க விரலை நீட்டினான். சாமியாரின் தொடையில் சூடாக ஈரம் இறங்கியது. ஆனால் கை மட்டும் எங்கிருந்தோ நீண்டு டப்பாவின் மேல் விரிந்து மூடிக்கொண்டது. இரண்டாவது அறை. மூன்றாவது. கை நகரவில்லை. துப்பாக்கிக் கட்டை தோளில் இறங்கியது, முழங்காலில் சரிந்தார், அப்போதும் கை டப்பாவை விடவில்லை.

அந்தச் சமயம் பார்த்து ஈப்போ பக்கமிருந்து அதிகாரிகளின் லாரி ஒன்று ஆரன் அடித்துக்கொண்டு வந்தது. தடுப்பைத் தூக்க வேண்டும், விறைப்பாக நின்று சலாம் போட வேண்டும். சிப்பாய் டப்பாவை அவர் மார்பில் திணித்து, இடுப்பில் ஓர் உதை விட்டு அக்கரைப் பக்கம் தள்ளினான். லாரி வராமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று சாமியாருக்குத் தெரியாது, எனக்கும் தெரியாது.

லயத்துக்கு வந்து சேர்ந்தபோது சன்னாசி வாசலில் நின்றிருந்தான். அவர் முகத்தைப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டு வழிவிட்டான். பாப்பா இருந்தாள். மூச்சு மேலும் கீழுமாக இழுத்துக்கொண்டிருந்தது, ஆனால் இருந்தாள். அவர் பக்கத்தில் மண்டியிட்டபோது விரல்களால் அவர் கன்னத்து வீக்கத்தைத் தடவிப் பார்த்தாள்.

"அடிச்சானா?"

"ஆமாம்மா."

"பயந்தீங்களா சாமி?"

"ரொம்பப் பயந்தேன்."

பாப்பாவின் உதடு சிரிப்பாக விரிந்தது. அவர் கை நடுங்கி அப்பம் ஆடியது. அவள் அந்த மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தி, வாயைத் திறந்தாள்.