சீர்த்தட்டில் வந்த பாலிசி

இவன் சிரித்து முடிக்கட்டும். அதுவரை நான் வாயைத் திறக்கப்போவதில்லை. இப்போது திறந்தால் அழுகைதான் முதலில் வரும்.

இப்படி நினைத்தபடி கயல்விழி தம்பியின் முகத்தைப் பார்க்காமல் அவன் மேசைமேல் வைத்த தாளைப் பார்த்தாள். ஆட்கள் சாப்பிடப் போயிருந்ததால் துடியலூரிலிருந்த அவளது லேத் பட்டறையில் சத்தமில்லை. தம்பி கிருபாசங்கர் ஒரு ஃபைனான்ஸ் கம்பெனியில் வேலை பார்த்தான். இரண்டு லேத் வாங்க, அவன் மூலமாகத்தான் ஆறு லட்சம் கடன் எடுத்தாள்.

கடனோடு ஐந்து வருடத்துக்கு ஓர் இன்சூரன்ஸும் ஒட்டிக்கொண்டு வந்தது. அவள் செத்தால் கடனை அடைக்கிற பாலிசி. நாற்பத்தைந்தாயிரம் பிரீமியத்தையும் கடனிலேயே ஏற்றியிருந்தார்கள். இரண்டு வருடமாக அதற்கும் வட்டி கட்டிவருவது போன மாதம்தான் தெரிந்தது. உடனே பாலிசியை ரத்து செய்ய எழுதிக் கொடுத்தாள்.

"பதினாறாயிரம் வருதுக்கா. கடன்ல கழிச்சுருவாங்க. சம்மதம்னு இதுல ஒரு கையெழுத்துப் போட்டுரு."

"அஞ்சு வருசத்துல ரெண்டு போச்சு, மூணு மிச்சம். இருபத்தேழாயிரம் வரோணும்."

"ஏக்கா, நீ லேத்துல இரும்பத்தான் கடையறேன்னு நெனச்சேன். கணக்கையும் கடையறயா?"

"உன்ற ஆபீசுல கேட்டுப்போட்டேன். அவங்களும் இருபத்தேழுங்கறாங்க."

சிரிப்பு நின்றது. அவன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

"சரி, ஒடைச்சே சொல்றேன். பாலிசி ரத்தானா எனக்கு வந்த கமிஷன் பதினோராயிரத்தத் திருப்பிக் கட்டோணும். நீ சம்மதம்னு எழுதிக்குடுத்தா உன்ற பணத்துல கழிப்பாங்க. இல்லீனா என்ற சம்பளத்துல பிடிப்பாங்க."

"அது உன்ற கமிஷன். நான் எதுக்குக் கட்டோணும்?"

"எதுக்கா? அந்தக் கமிஷன் வரும்னுதான் கடனுக்குத் தோடு எடுத்தேன். அதுதான் உன்ற புள்ள காதுல தொங்குது."

மகள் அக்ஷிதாவின் காதுகுத்து இரண்டு வருடத்துக்கு முன் காங்கேயத்துக்குப் பக்கத்தில் குலதெய்வக் கோயிலில் நடந்தது. தாய்மாமனாக இவன்தான் சீர்த்தட்டு சுமந்து வந்தான். பட்டுப்பாவாடை, தோடு, தேங்காய், பழம். அவற்றுக்கு அடியில் கடன் தாள்களும் பாலிசித் தாளும். சாமி முன்னால் வைத்து எடுத்தால் நல்லது என்றான். சீர்த்தட்டில் வந்ததை யாரும் பிரித்துப் படிப்பதில்லை. கண்ணில் ஒற்றி வாங்கிக்கொள்வார்கள். அவளும் கண்ணில் ஒற்றிவிட்டு, அவன் காட்டிய இடத்திலெல்லாம் கையெழுத்திட்டாள்.

அன்று மாமியார் வீட்டார் முன்னால் அந்தத் தோட்டை எத்தனை பேருக்குத் திருப்பித் திருப்பிக் காட்டினாள்! என் தம்பி போட்டது. என் தம்பி போட்டது. இப்போது பார்த்தால், தன் மகளுக்குத் தானே கடன் வாங்கிச் சீர் செய்துகொண்டிருக்கிறாள், வட்டியோடு. பணம் போனதுகூட வலிக்கவில்லை. அந்தப் பெருமைதான் வலித்தது.

"கூடப் பொறந்தவங்கிட்டயே பணத்துக்கு வழக்குப் பேசறவளுக்கு எதுக்குப் பொறந்தவன்?" என்றான் அவன். "நாளைக்கு அக்ஷிதா பெரியவளாவா. தாய்மாமன் சீருக்கு எவன் வந்து நிக்கறான்னு பாக்கறேன். காலி மணையப் போட்டு உக்காந்துக்க."

அவள் பயந்தாள். சீர் நாளன்று தாய்மாமன் வராத பெண்ணை ஊர் எப்படிப் பார்க்கும் என்று அவளுக்குத் தெரியும். மகளின் குனிந்த தலைகூடக் கண்முன் வந்தது. கை தானாகத் தாளின் பக்கம் நகர்ந்தது. கையெழுத்துப் போட்டால் இவன் வருவான். தட்டும் வரும். அதன் அடியில் என்ன இருக்கிறது என்று ஒவ்வொரு முறையும் அவள் தேடுவாள்.

வெளியே ஆட்கள் திரும்பிவரும் பேச்சுச் சத்தம் கேட்டது.

"போடுக்கா, எனக்கு நேரமாகுது."

கயல்விழி தாளை அவன் பக்கமாகத் தள்ளினாள். பட்டறைக்கு வரும் முன்பின் அறியாதவர்களிடம் மரியாதையாகப் பேசும் குரல் அவளுக்கு வந்தது.

"இல்லீங்க. இதுல நான் கையெழுத்துப் போடமாட்டேனுங்க."