கேட்டவர் தலை முழுக வேண்டும்

ஹந்தானை மலைக்கு ஏறுகிற வழியில் அட்டை கடிக்காத மனிதன் கிடையாது. அன்றைக்கு என் இடது காலில் மூன்று, வலது காலில் ஐந்து. எனக்கு முன்னால் ஏறிய ஜெர்மன்காரரோ தன் காலில் ஒட்டியதைப் பிடுங்காமல், ஒரு கல்லில் உட்கார்ந்து, அது எப்படி இரத்தம் குடிக்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார். இந்த ஆளோடு ஏன் வந்தோம் என்று எனக்கு எரிச்சலாக இருந்தது.

அது 1927ஆம் ஆண்டு. கண்டியில் எனக்கு ஒரு புடவைக் கடை இருந்தது. தேயிலைத் தோட்டங்களுக்குத் துணிமூட்டை கொண்டுபோய் விற்பேன் என்பதால் வேலையாட்கள் வரிசையாகக் குடியிருக்கிற லயங்களில் தாஸிம் நானா என்ற என்னைத் தெரியாதவர் இல்லை. இங்கிலீசும் வரும். அதனால்தான் டாக்டர் லிண்ட்னருக்கு மொழிபெயர்ப்பாளனாக அகப்பட்டேன். டாக்டர் என்றால் மருந்து கொடுக்கிறவர் அல்ல. தன் நாட்டில் ஒரு பெரிய அரசாங்கப் பல்கலைக்கழகத்தில் மனிதர்களின் பேச்சையும் பாட்டையும் ஆராய்கிறவர். குழல் வைத்த ஒரு பெட்டி கொண்டுவந்திருந்தார். அதில் மெழுகு உருளை சுற்றும்போது குழலுக்கு முன்னால் பாடினால், பாட்டு மெழுகில் பதிந்துவிடும்.

மூன்று மாதமாகத் தாலாட்டும் கும்மியும் காமன்கூத்துப் பாட்டும் பிடித்துவிட்டார். ஒப்பாரி மட்டும் கிடைக்கவில்லை. செவ்வாய்க்கிழமை கொழும்பில் கப்பல். கையில் மிச்சம் ஒரே ஒரு உருளை. அந்த வட்டாரத்தில் ஒப்பாரி என்றால் பாப்பம்மாதான் என்று எல்லோரும் சொன்னதால் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவளைத் தேடி ஏறினோம்.

பாப்பம்மாவுக்கு நாற்பது வயதிருக்கும். லயத்து வாசலில் விறகு உடைத்துக்கொண்டிருந்தாள். நான் விஷயத்தைச் சொன்னேன். அவள் கத்தியைக் கீழே வைக்கவே இல்லை.

"எழவு விழாத லயத்துல ஒப்பாரி வைக்கவா? என்ன நானா, வெவரம் தெரிஞ்ச ஆளு நீங்க. உள்ள எம் மக நெற மாசமா படுத்திருக்கா. நான் வாயத் தொறந்தா சாவ வா, வான்னு கூப்பிட்ட மாதிரி."

அவள் சொன்னது நியாயம். எங்கள் முஸ்லிம் ஆட்களில் ஒப்பாரியே கிடையாது. மையத்து வீட்டில் சத்தம் போட்டு அழுதால் பெரியவர்கள் அதட்டுவார்கள். ஆனாலும் சாவைப் பார்த்து யாருக்குத்தான் பயமில்லை? லிண்ட்னரிடம் சொன்னேன். அவர் முகம் தொங்கிப்போனது. பெட்டியை மூடப் போனார்.

பாப்பம்மாவுக்கு அந்தப் பெட்டியின் மேலேயே கண். "கேளுங்க நானா, பாட்டப் புடிச்சு எங்க கொண்டு போறாரு?"

"அவர்ட பெரிய பள்ளிக்கூடத்துக்கு. அங்க அலுமாரியில வெச்சிக் காப்பாத்துறாங்களாம்."

"எம்புட்டுப் பெருசு?"

இப்படித்தான் ஆரம்பித்தது. அடுத்த ஒரு மணி நேரம் நான் மூச்சுவிடவில்லை. அவள் கேட்க, அவர் சொல்ல, நான் நடுவில் கிடந்து அல்லாடினேன்.

எட்டாயிரம் பேர் படிக்கிறார்கள். ஒரே கட்டடம் அல்ல, ஊர் முழுக்கச் சிதறிக் கிடக்கிறது. சட்டம் படிக்க ஒரு இடம், வேதம் படிக்க ஒரு இடம், வைத்தியம் படிக்க ஆஸ்பத்திரியோடு சேர்ந்த ஒரு இடம், நட்சத்திரம் பார்க்க ஒரு கோபுரம். பெரிய மண்டபத்துக்கு ஏழு வாசல். புத்தகம் மட்டும் ஆறு லட்சம்.

"எந்தத் தொரைக்குச் சொந்தம்? கம்பெனியா?"

"யாருக்கும் சொந்தமில்லை. அரசாங்கம் நடத்துகிறது. கிழங்கு விற்கிறவன் கட்டுகிற வரியும் அதில் இருக்கிறது" என்றார் லிண்ட்னர்.

"அப்ப ரோட்டு மாதிரி" என்றாள் பாப்பம்மா. லிண்ட்னர் அதைக் குறிப்புப் புத்தகத்தில் எழுதிக்கொண்டார்.

"படிச்சு முடிச்சவுங்க என்ன செய்வாங்க?"

"சிலர் வேலைக்குப் போவார்கள். என்னைப் போன்றவர்கள் அங்கேயே இருந்து, இதுவரை யாருக்கும் தெரியாததைத் தேடுவோம். கண்டுபிடித்து எழுதுவோம். பிறகு இன்னொருவர் வந்து அது பிழை என்று எழுதுவார்."

"இதுக்கா எட்டாயிரம் பேரு?" என்றாள் அவள். எனக்கும் அதே கேள்விதான். ஆனால் மொழிபெயர்ப்பாளன் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும்.

பெண்களும் படிக்கிறார்களா என்று கேட்டாள். ஆயிரம் பேர் இருப்பார்கள் என்றார். அவள் மகள் படுத்திருந்த உள்பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். பிறகு, அங்கே தேயிலை உண்டா என்றாள். உண்டாம். ஒரே ஒரு செடி. செடிகொடி ஆராய்கிறவர்கள் கண்ணாடியால் வீடு கட்டி, குளிர் தாக்காமல் நிலக்கரி எரித்து வளர்க்கிறார்களாம்.

"கொழுந்து யாரு எடுக்குறது?"

"யாரும் எடுப்பதில்லை."

"எடுக்காட்டி அது மரமாப் போயிருமே. போய்ச் சொல்லச் சொல்லுங்க."

லிண்ட்னர் சிரித்தார். மூன்று மாதத்தில் அவர் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. அந்தச் சிரிப்பு முடியும் முன்பே அவள் அடுத்ததைக் கேட்டாள்.

"அவ்வளவு பேரு இருக்குற எடத்துல எழவு விழாமலா இருக்கும்?"

பெரிய மண்டபத்துப் படிக்கட்டில் ஒரு பளிங்குப் பலகை இருக்கிறது என்றார் அவர். போருக்குப் போய்த் திரும்பி வராத மாணவர்களின் பெயர்கள். தொள்ளாயிரத்துக்கு மேல்.

விறகுக் கத்தி கீழே இறங்கியது. "தொள்ளாயிரமா? ஒப்பாரி வெச்சாங்களா?"

"பிரசங்கம் செய்தார்கள். பேண்ட் வாசித்தார்கள்."

"பொம்பளைங்க அழுதாங்களா?"

"கறுப்பு உடுப்பு போட்டு நின்றார்கள்."

பாப்பம்மா என்னைப் பார்த்தாள். ஏதோ நான்தான் அந்தப் பிள்ளைகளுக்கு அழாமல் விட்டவன் போல இருந்தது அந்தப் பார்வை. பிறகு எழுந்து முந்தானையை இழுத்துச் செருகினாள்.

"அழாத சாவு அங்க கெடக்கு. அதுக்குன்னா நான் பாடுறேன். இந்த லயத்துல வேணாம், பீலிக்கரைக்கு வாங்க. ஆனா தொள்ளாயிரம் பேருக்கு ஒரே வாயால அழ முடியாது. ஒரு ஆளச் சொல்லச் சொல்லுங்க. பேரு என்ன, என்ன செஞ்சான், எப்படி இருப்பான், எல்லாம் எனக்குத் தெரியணும். தெரியாம அழுதா அது பாட்டு, ஒப்பாரி இல்ல."

பீலி என்றால் மலையிலிருந்து தண்ணீர் விழுகிற குழாய். லயத்துக்குக் கீழே நூறு அடியில் இருந்தது. அங்கே பெட்டியை ஒரு பாறைமேல் வைத்தோம். லிண்ட்னர் சொல்லத் தொடங்கினார். பெயர் பவுல். இருபது வயது. செடிகொடி படித்தான். கண்ணாடி வீட்டில் அந்தத் தேயிலைச் செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது அவன் வேலை. பூட்ஸ் கயிறு கட்டமாட்டான். படிக்கட்டில் இரண்டு இரண்டு படியாகத்தான் ஏறுவான். உடல் கிடைக்கவில்லை.

பலகையில் இருக்கிற தொள்ளாயிரத்தில் ஒருவனின் பூட்ஸ் கயிறு இவருக்கு எப்படித் தெரியும்? எனக்கு அப்போதுதான் உறைத்தது. மெதுவாக இங்கிலீசில் கேட்டேன்.

"தம்பி" என்றார்.

நான் பாப்பம்மா பக்கம் திரும்பினேன். "நீங்க சொல்ல வேணாம், நானா. பேரச் சொல்லும்போதே கண்டுக்கிட்டேன்" என்றாள். "ஆத்தா அழுதுச்சான்னு மட்டும் கேளுங்க."

"இல்லை. உடல் வராததால் அவன் சாகவில்லை என்கிறாள். பத்து வருஷமாக ஒவ்வொரு நாள் சாப்பாட்டுக்கும் அவனுக்கு ஒரு தட்டு வைக்கிறாள். அப்பாவும் இல்லை. வீட்டில் நாங்கள் இரண்டு பேர். மேசையில் மூன்று தட்டு."

இதைத் தமிழில் சொல்லி முடித்தேன். லிண்ட்னர் உருளையைச் சுழல விட்டார். பாப்பம்மா குழலுக்கு முன்னால் குந்தி, தலைமயிரை அவிழ்த்துவிட்டாள்.

*கண்ணாடி வீட்டுக்குள்ள*
*கன்னுத் தேயில காத்தவனே*
*தண்ணி ஊத்த வந்த கையி, என் ராசா*
*தரையில வுழுந்ததென்ன*
*எட்டாயிரம் புள்ளையில*
*ஒன் பேரு கல்லேறிப் போனதென்ன*
*ஏழு வாசப் பள்ளியில, என் ராசா*
*எந்த வாச பாத்து நிப்பேன்*
*வட்டில் வெச்சு காத்திருக்கேன்*
*வராத மகனே, சோறாறிப் போகுதய்யா*

உருளை நின்ற பிறகும் அவள் நிறுத்தவில்லை. லிண்ட்னர் இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். நானும் அழுதேன். யாரும் என்னை அதட்டவில்லை.

முடிந்ததும் அவள் சட்டென்று எழுந்து மூக்கைச் சிந்தினாள். "எழவு கேட்டவுங்க தலை முழுகாம வூட்டுப் பக்கம் போகக் கூடாது. உள்ள புள்ளத்தாச்சி இருக்கா. வாங்க." என்னையும் விடவில்லை. ஹந்தானைப் பீலித் தண்ணீர் எப்படிக் குளிரும் என்று அனுபவித்தவனுக்குத் தெரியும். லிண்ட்னர் சட்டையோடு உட்கார்ந்தார். குடத்தில் பிடித்து அவள் ஊற்றினாள்.

"தானா ஊத்திக்கக் கூடாது. அழுதவுங்களுக்கு இன்னொரு ஆளுதான் ஊத்தணும்" என்றாள். பிறகு பெட்டியைக் காட்டினாள். "அங்க இதக் கேக்குற எல்லாருக்கும் இதே சட்டந்தான். எழுதிக்கச் சொல்லுங்க."

ஈரம் சொட்டச் சொட்ட உருளைப் பெட்டியின் மூடியில் அவர் தன் பாஷையில் எழுதினார். என்ன எழுதினார் என்று வாசித்துக் காட்டச் சொன்னேன். கேட்டவர் தலை முழுக வேண்டும், தண்ணீரை இன்னொருவர் ஊற்ற வேண்டும். செவ்வாய்க்கிழமை கப்பலேறிப் போய்விட்டார். அந்த வாரமே பாப்பம்மாவின் மகளுக்கு சுகப்பிரசவம். பெண் குழந்தை.

நான்கு வருஷம் கழித்து அந்தப் பல்கலைக்கழகத்திலிருந்து எனக்கு ஒரு கடிதம் வந்தது. பாட்டு உருளைகளைப் பார்த்துக்கொள்கிற ஒரு பெண் இங்கிலீசில் எழுதியிருந்தாள். பட்டியல் தயாரிக்கிறார்களாம். ஒரு பெட்டியின் மூடியில் விசித்திரமான ஒரு விதி இருக்கிறது, டாக்டரைக் கேட்டால் உங்களைக் கேட்கச் சொல்கிறார், அதன் காரணம் என்ன என்று கேட்டிருந்தாள். எட்டாயிரம் பேர் இருக்கிற இடத்தில் இதைச் சொல்ல ஒருவர் இல்லை, கண்டி புடவைக் கடைக்காரன்தான் வேண்டும் என்று முணுமுணுத்துக்கொண்டு அடுத்த பக்கத்தைத் திருப்பினேன்.

அதை வாசித்துவிட்டு, கடையை மச்சானிடம் விட்டு, அட்டையையும் பார்க்காமல் மலை ஏறினேன். பாப்பம்மா பேத்திக்குத் தலை வாரிக்கொண்டிருந்தாள். நின்றபடியே கடிதத்தை அவளுக்குத் தமிழில் சொன்னேன்.

டாக்டர் லிண்ட்னர் ஊரில் இல்லாத ஒரு நாள், மாசி மாசத்துக் குளிரில், அவருடைய தாயார் தனியாக அங்கே வந்திருக்கிறார். மூத்த மகன் தன் தம்பியைப் பற்றி ஒரு பாட்டுக் கொண்டுவந்து நான்கு வருஷமாகத் தன்னிடம் மறைக்கிறான், அதைக் கேட்க வேண்டும் என்றாராம். பாஷை புரியாதே என்று சொல்லியும் கேட்கவில்லை. பவுல் என்ற பெயர் ஒரு தடவைகூட அந்தப் பாட்டில் வராது. ஆனாலும் முடியும்வரை அசையாமல் உட்கார்ந்திருந்தாராம். பிறகு மூடியை எடுத்து வாசித்தாராம். கொண்டை ஊசிகளை ஒவ்வொன்றாகக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு, தண்ணீர்க் குழாய் எங்கே என்று கேட்டாராம். அடுத்த வாரம் டாக்டர் வந்து, வீட்டு மேசையில் இப்போது இரண்டு தட்டுத்தான் என்று அந்தப் பெண்ணிடம் சொன்னாராம்.

பாப்பம்மா சீப்பைப் பேத்தியின் தலையிலேயே செருகிவிட்டு நிமிர்ந்தாள். அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"தண்ணி யாரு ஊத்துனது?"

"இந்தக் கடுதாசி எழுதின புள்ளதான். பூவுக்குத் தண்ணி ஊத்துற சட்டியால ஊத்தினதாம்."

"அப்ப சரி" என்று சொல்லிவிட்டு அவள் பேத்தியின் தலையை மறுபடி வாரத் தொடங்கினாள்.