சொன்ன பேச்சு கேளாத செல்கள்

...அசையக் கூடாது, மூக்கு அரித்தாலும் கூடாது, இப்படித்தான் அவளும் ஆய்வகத்தில் புற்றுச் செல்கள் வளர்ந்த தட்டுகளைக் கதிர்க் கருவிக்கு அடியில் வைத்துவிட்டு வெளியே வந்து கதவைச் சாத்துவாள், உள்ளே குளிருமா என்று ஒரு நாளும் யோசித்ததில்லை, இப்போது அவளுடைய முதுகுக்கு அடியில் கதிர் சிகிச்சைப் பலகை சில்லென்று இருக்கிறது, அதுவும் வேறு யாருக்கோ குளிர்கிற மாதிரிதான்... ஒலிபெருக்கியில் கருவியை இயக்கும் பெண், "மேடம், மூச்சை இழுத்துப் பிடிங்க" என்கிறாள். பிடித்தாள். கதிர் இந்நேரம் அவளுடைய நுரையீரலுக்குள் போய்ப் புற்றுச் செல்லின் டி.என்.ஏ. இழையை அறுத்திருக்கும், அறுந்ததும் அது சும்மா சாகுமா? அதன் மேற்பரப்பில் இருக்கும் ஏற்பி 'பிழைத்துக்கொள்' என்ற செய்தியை வாங்கி உள்ளே அனுப்பும், செய்தி கைமாறிக் கைமாறி உட்கருவுக்குப் போய்ச் சேரும், அங்கே இழைக்கு ஒட்டுப்போடும் வேலை தொடங்கிவிடும். ஆய்வகத்தில் அந்தச் செய்தியை மறிக்கும் மருந்தைக் கொடுத்தபோது செல்கள் கொத்துக்கொத்தாகச் செத்தன, எல்லோரும் கைதட்டினார்கள்... சில தட்டுகளில் மட்டும் சாகவில்லை, ஒரு வழியை அடைத்தால் இன்னொரு வழியில் செய்தி அனுப்பின, அவற்றின் மேல் அவளுக்கு ஒரு பிரியம்கூட இருந்ததா? இருந்தது. காலையில் கணவர் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே, "உன் செல்லுங்களும் உன்னை மாதிரிதான், சொன்ன பேச்சு கேக்காது" என்றார், அவளும் சிரித்து வைத்தாள். நேற்று மருத்துவர் ஸ்கேன் படத்தைக் காட்டினார், அதே மருந்தும் கதிரும் சேர்ந்தும் அவளுடைய கட்டி சுருங்கவில்லை, கணவர் அப்போது மருந்துக்கடை வரிசையில் நின்றிருந்தார். அழுகை வரவில்லை. எந்த வழியாகத் தப்பித்திருக்கும் என்றுதான் யோசித்தாள், யாருடைய தட்டையோ பார்க்கிற மாதிரி.

"அவ்ளோதான் மேடம், எந்திரிக்கலாம்."

வெளியே கணவர் அவளுடைய கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இன்றைக்காவது அவரிடம் சொல்லிவிட வேண்டும், செல்கள் தப்பிப்பதை மாணவர்களுக்கு எத்தனை முறை விளக்கியிருக்கிறாள், படம் போட்டுக்கூடச் சொல்லலாம்... "டாக்டர் நேத்து..." என்று ஆரம்பித்தாள்.

"தெரியும்மா. நேத்து நீ துணி மாத்தப் போனப்பவே என்னைக் கூப்பிட்டுச் சொல்லிட்டாரு."

"ஏங்க, அப்பவே கேக்க வேண்டியதுதானே?"

"நீயா சொல்லுவேன்னு இருந்தேன்."

நேற்று மாலை குழாயைச் சரியாக மூடவில்லை என்று அவரைக் கடிந்துகொண்டாள், வழக்கமாக ஒன்றுக்கு நாலாகத் திருப்பிக் கொடுப்பவர், பேசாமல் எழுந்து போய் மூடிவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார், அவ்வளவு நெருக்கமாக அவர் உட்கார்ந்து எத்தனை காலம் ஆயிற்று... ஏன் என்று அவளுக்குத் தோன்றவே இல்லையே. இப்படி எதுவும் தன்னைத் தொடாமல் போனது கட்டி வந்த பிறகா, அல்லது அதற்கும் வெகுநாள் முன்பிருந்தேயா...