ஞாயிற்றுக்கிழமை பிஸ்கட்

கூட்டுப் பெருங்காயத்திலும் கோதுமை மாவு கலந்திருக்கிறது என்று டப்பாவின் பின்பக்கத்தில் படித்ததும், நீலா அதை அப்படியே குப்பையில் போட்டாள். மெட்டுகுடா ரயில்வே குவார்ட்டர்ஸின் அந்தச் சின்னச் சமையலறையிலிருந்து ரவையும் மைதாவும் சேமியாவும் வெளியேறி மாதக்கணக்காகிறது. ஆனாலும் அவள் மகள் ஸ்ரேயாவுக்கு வயிறு உப்பியே இருந்தது. காலையில் வந்த ரத்த மறுபரிசோதனை முடிவிலும் குறைய வேண்டியது குறையவில்லை. வீட்டில் எங்கிருந்தோ கோதுமை உள்ளே போகிறது என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார்.

ஏச்சும் பேச்சும் நீலாவுக்குத்தான். "பட்டினி போட்டே புள்ளைய வாட்டுறா" என்று நாத்தனார் கனகவல்லி போனில் சொன்னாள். லாலாகுடா ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்க்கும் கணவன் பத்ரியும், "அக்கா சொல்றதுலயும் நியாயம் இருக்கு" என்றான்.

முந்தைய ஆண்டு மழைக்காலத்தில் பள்ளியில் பாதிப் பிள்ளைகளுக்கு வாந்தி பேதி வந்தது. வைரஸ் என்றார்கள். மற்றப் பிள்ளைகள் ஒரு வாரத்தில் ஓடியாடின. ஸ்ரேயா மட்டும் தேறவில்லை. சோறு சத்தில்லை, கோதுமைதான் சத்து என்று சப்பாத்தியும், பாலில் நனைத்த ரஸ்க்கும், கோதுமை ரவைக் கஞ்சியுமாக வீடே சேர்ந்து ஊட்டியது. அவள் இன்னும் இளைத்தாள். கடைசியில்தான் அது செலியாக் நோய் என்று தெரிந்தது.

"கோதுமைல இருக்கற குளூட்டன் உள்ள போனா, இவ உடம்பே இவ குடலைப் புண்ணாக்கும். அதுக்கான தன்மை பிறவியிலேயே இருந்திருக்கு. அந்த வைரஸ் அதைத் தூண்டிவிட்டிருக்கலாம், நிச்சயமா சொல்ல முடியாது. ஆனா கோதுமை ஆயுசுக்கும் கூடாது, அது நிச்சயம்" என்று டாக்டரம்மா அன்றே விளக்கியிருந்தார்.

பத்ரியின் காதில் 'இருக்கலாம்' மட்டும்தான் விழுந்தது. வைரஸால் வந்தது வைரஸோடு போயிருக்க வேண்டுமே என்று அவனாக முடிவு கட்டிக்கொண்டான்.

அன்று மாலை அவன் வந்ததும் நீலா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "என் தப்புதாங்க, பெருங்காயத்தைக் கவனிக்காம விட்டுட்டேன்" என்றாள்.

பத்ரி பையை ஆணியில் மாட்டப் போனான். அம்மா அழுவதைப் பார்த்த ஸ்ரேயாவுக்குத்தான் பொறுக்கவில்லை.

"அது இல்ல மம்மி. சண்டே சண்டே டாடி ஒஸ்மானியா பிஸ்கட் வாங்கித் தருவார். மம்மிக்கு செப்பொத்து அன்னாரு." மைதாவில் செய்யும் பிஸ்கட் அது. அம்மாவிடம் சொல்லக் கூடாது என்றாராம்.

"ஒண்ணே ஒண்ணுதான் நீலா" என்றான் பத்ரி. "இரானி ஹோட்டல்ல எல்லாரும் திங்கறதைப் புள்ள ஏக்கமா பாத்துச்சு. ஒரு பிஸ்கட் என்ன பண்ணிடும்?"

நீலா குரலை உயர்த்தவில்லை. "வைரஸுக்குக் கண்ணு கிடையாது. அதை நான் திட்ட மாட்டேன். உங்களுக்குக் கண்ணு இருக்கு, டாக்டர் சொன்னதைக் கேட்ட காதும் இருக்கு. தெரிஞ்சே கொடுத்தீங்க. கொழந்தைக்கு மறைக்கவும் சொல்லிக் கொடுத்தீங்க. பழி மட்டும் எனக்கா?"

ஸ்ரேயா அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "டாடிய திட்டாத மம்மி. வயிறு வலிச்சப்பகூட நான் சொல்லவே இல்ல."

தன்னைக் காப்பாற்றத்தான் பிள்ளை வலியைப் பொறுத்திருக்கிறாள் என்பது பத்ரிக்கு அப்போதுதான் உறைத்தது. அக்காவுக்குப் போன் போட்டு, "நீலா மேல தப்பில்லக்கா, நான்தான்" என்று சொன்னான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அதே ஹோட்டலில், உடன் வேலை செய்யும் நந்தகுமார் ஸ்ரேயாவின் பக்கம் தட்டைத் தள்ளினான். "ஒண்ணு சாப்பிடட்டும்பா. எதுக்கு இவ்ளோ கெடுபிடி?"

"நக்கோ, வேண்டாம்" என்று தட்டைத் திருப்பித் தள்ளினான் பத்ரி. பெருங்காயம் போடாமல் நீலா சுட்டுக் கொடுத்திருந்த அரிசி முறுக்கை அவன் பையிலிருந்து எடுத்து மகளிடம் கொடுத்துவிட்டுத் தானும் ஒன்றை எடுத்துக்கொண்டான்.

"வைரஸ் ஆரம்பிச்சு வெச்சுதோ இல்லையோ தெரியாது. வளரவிட்டது நான். இந்த நோய்க்குக் கொஞ்சம்னு ஒரு அளவே கிடையாது நந்தா. டாக்டர் வேண்டாம்னு சொன்னதைப் பாசத்துல கொடுத்தாலும் அது விஷம்தான்."