பலகைக்கு வெளியே

1

ஒரு வில்லனை எழுதத்தான் இந்தக் கதையைத் தொடங்கினேன் என்று ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

‘பங்காய் சென்ஜுட்சு’ என்றொரு ஜப்பானியச் சொல். கறுப்பு வெள்ளைக் கற்களை வைத்து இடம்பிடிக்கும் ‘கோ’ ஆட்டத்தில், பலகைக்கு வெளியே இருந்தபடி எதிராளியின் மனத்தைக் கலைக்கும் தந்திரம். தாமதமாக வருவது, விசிறியால் மேசையைத் தட்டுவது, பெருமூச்சு விடுவது. திருத்தணிக் கல்யாண மண்டபமொன்றில் நடந்த இறுதியாட்டத்தில் சென்னைக்கார ஹேமநாதன் இத்தனையும் செய்தான். எதிரே யோகலட்சுமி, அரக்கோணம் ஸ்டேஷனில் டிக்கெட் கவுன்ட்டரில் வேலை. ஜெயிப்பவருக்கு ஜப்பான் பயணம். நாற்பத்து மூன்று வயதில் முதன்முறையாகப் பாஸ்போர்ட் எடுத்து வைத்திருந்தாள்.

2

முதல் வரி: “கண்ணீரை அடக்கிக்கொண்டு யோகலட்சுமி...”

(அடித்துவிட்டேன். அவள் அழவே இல்லையாம்.)

“பதினெட்டு வருசமா கண்ணாடிக்கு அந்தாண்ட நின்னுகினு ஜனங்க கத்துறாங்க சார். விசிறி சத்தமா என்னை அசைக்கும்?” என்றாள் என்னிடம்.

“மேடம், உங்க மூணு மணி ட்ரெயின் போயிடப்போவுது” என்றும் ஹேமநாதன் சொல்லிப் பார்த்திருக்கிறான்.

“அடுத்தது இருக்குதுங்க” என்று கல்லை வைத்தாள்.

3

ஆட்டம் முடியும் தறுவாயில் ஹேமநாதனுக்கு வியர்த்துக் கொட்டியது. விரல் நடுங்கிக் கல் நழுவியது. அவன் முறை, அவன் கடிகாரத்தில் இரண்டே நிமிடம்; அது தீர்ந்தால் தோல்வி.

“நடிக்கிறான்பா” என்று யாரோ சிரித்தார்கள். அவளுக்கும் அப்படித்தான் தோன்றியது. சும்மா உட்கார்ந்திருந்தால் போதும், ஜப்பான் அவளுக்கு.

(வில்லன் என் கையைவிட்டுப் போன இடம் இது.)

அவள் கடிகாரத்தை நிறுத்தினாள்.

“சுகர் இருக்குதுங்களா?”

“ஆங்... ஊசி போட்டேன்... சாப்பிடல...”

காலையில் மலையில் வாங்கிய பஞ்சாமிர்த டப்பாவைத் திறந்து ஊட்டினாள். நடுவர் குணசேகரன் பதறி ஓடிவந்தார். “இதுவும் நடிப்பா இருந்தா என்னம்மா பண்ணுவ?”

“இருந்துட்டுப் போவட்டும் சார். நெஜமா இருந்தா?”

கால் மணி நேரத்தில் ஹேமநாதன் முகம் தெளிந்தது. “நான் தோத்துட்டேன்னு எழுதிக்கச் சொல்லுங்கக்கா” என்றான். அதுவரை மேடம்.

“அதெல்லாம் வேணாம். ரெண்டு நிமிசம் மீதி இருக்குது. உக்காந்து ஆடு.”

4

அவள் ஜெயித்து விமானம் ஏறுவதாக ஒரு முடிவு எழுதினேன். அரைப் புள்ளியில் தோற்று, சிரித்துக்கொண்டே வீடு திரும்புவதாக இன்னொன்று. முதலாவதில், செய்த நல்லதுக்குக் கூலி கொடுத்ததுபோல் இருந்தது. இரண்டாவதில், அவளைத் தியாகியாக்கிவிட்டேன். அவள் இரண்டும் இல்லை. ஜெயிக்க வந்தவள்; எதிரில் ஆளில்லாமல் ஜெயிக்கப் பிடிக்காதவள்.

உண்மையில் யார் ஜெயித்தார்கள் என்று போனில் கேட்டேன். சொன்னாள். நான் எழுதப்போவதில்லை.

ஹேமநாதன் விசிறியை மடித்துப் பைக்குள் வைத்தான். யோகலட்சுமி கடிகாரத்தை ஓடவிட்டாள். இருவரும் பலகையின்மேல் குனிந்திருக்கிறார்கள். மண்டபத்தில் சத்தமே இல்லை. நீங்களும் கொஞ்சம் பேசாமல் இருங்கள், அவர்கள் ஆடட்டும்.