தெருவுக்கு ஒரே கணக்கு

தன் காசைத் தானே எடுப்பதற்குக் காசு கேட்டால் யாருக்குத்தான் வயிறு எரியாது? அரசாங்கம் அப்படித்தான் ஒரு உத்தரவு போட்டது. வங்கியில் பணம் போட்டாலும் எடுத்தாலும் ஒவ்வொரு தடவைக்கும் ஒரு கட்டணம். மூட்டை கட்டி எடுப்பவனுக்கும் அதே கட்டணம், சட்டைப் பைக்கு எடுப்பவனுக்கும் அதே கட்டணம். போனில் அனுப்புகிற சில்லறைத் தொகைக்கு மட்டும் பெரிய மனது பண்ணி விலக்குக் கொடுத்திருந்தார்கள். ஆனால் போனில் வந்ததை வைத்துக்கொண்டு என்ன செய்வது? வெளியே எடுத்தால்தானே காசு!

பஸ் டிப்போவுக்குப் பின்னால் இருந்த அந்தத் தெரு, அன்று காலை முழுக்க டீக்கடை வாசலில்தான் நின்றது. டீக்கடைக்காரர் வடிகட்டியை ஓங்கி ஓங்கித் தட்டினார்.

“என் வீட்டுக்குள்ள நான் நுழையறதுக்கு எவன்கிட்டயோ டிக்கெட் வாங்கணுமாம். கேட்டீங்களா இந்தக் கூத்தை?”

“இருங்கண்ணே, மூச்சுக்கும் போடுவான். இழுத்தா ஒண்ணு, விட்டா ஒண்ணு” என்றான் பஞ்சர் கடைக்காரன்.

சிரித்தார்கள். சிரிக்காமல் என்ன செய்வது? ஆனால் டீக்கடைக்காரருக்கு விடிந்தால் பால்காரனுக்குக் காசு வைக்க வேண்டும். பஞ்சர்காரனுக்கு டியூபும் பசையும் வாங்க வேண்டும். அன்றாடம் எடுத்து அன்றாடம் செலவழிக்கிற பிழைப்பு. அன்றாடம் எடுத்தால் அன்றாடம் கட்டணம். வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சேர்ப்பதில் பாதி அதற்கே போய்விடும்.

அப்போதுதான் ஜெராக்ஸ் கடைக்காரர் ஒரு யோசனை சொன்னார். அந்தத் தெருவில் அவருக்குச் ‘சட்டம்’ என்று பெயர். வாயைத் திறந்தால் “சட்டப்படி பாத்தா” என்றுதான் ஆரம்பிப்பார். மனைவி கதவைத் திறக்கச் சுணங்கினால்கூடச் சட்டப்படிதான் பார்ப்பாராம்.

“சட்டப்படி பாத்தா கட்டணம் தடவைக்குத்தான், தொகைக்கு இல்ல. தெரு முழுக்க ஒரே கணக்கா வச்சுக்குவோம். எல்லாக் கடையிலயும் ஒரே ஸ்கேன் அட்டை. சாயங்காலம் ஒரே ஒரு தடவை எடுத்துப் பிரிச்சுக்குவோம். கட்டணத்தைப் பங்கு போட்டா ஆளுக்குத் தூசு!”

“யார் கணக்கு?” என்று யாரோ கேட்டார்கள். எல்லாத் தலையும் ஒரே பக்கம் திரும்பியது.

தையல்காரி பள்ளிக்கூடச் சீருடையும் டிப்போ ஆட்களின் சீருடையும் தைத்துக்கொண்டிருந்தவள். வெட்டியது போக மிச்சமான துண்டுத் துணியைக்கூட மடித்து, உடையோடு திருப்பிக் கொடுத்துவிடுவாள். தையல்காரர்களில் அப்படியொரு பிறவியை நீங்கள் எங்காவது பார்த்ததுண்டா? அவளிடம் கொடுத்தது கல்லில் எழுதிய மாதிரி என்று தெருவே நம்பியது.

கடைக்குப் பின்னாலேயே வீடு. வீட்டில் அவளும் புருஷனும் மட்டும். அவர் பஸ் ஓட்டியவர். இரண்டு சிறுநீரகமும் கைவிட்ட பிறகு, வாரத்தில் இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் படுத்து, மெஷின் வழியாக ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு வருகிறவர். டயாலிசிஸ். காசு கொடுத்துச் செய்வதென்றால் அவள் இரவு பகலாகத் தைத்தாலும் கட்டுப்படியாகாது. இல்லாதவர்களுக்கென்று கொடுத்திருந்த இலவச மருத்துவ அட்டைதான் அவரை உயிரோடு வைத்திருந்தது. அட்டை இருக்கிறவரை அவர் இருப்பார், அவ்வளவுதான் விஷயம்.

“நல்லா யோசிச்சியா? நமக்கெதுக்கு ஊர்க் காசு?” என்று அவர் கேட்கத்தான் கேட்டார்.

“நீங்க மயங்கி விழுந்தன்னைக்கு உங்களத் தூக்கிட்டு ஓடினது யாருங்க? இந்த ஊர்தானே? இதுகூடச் செய்யலன்னா நான் மனுஷியா?”

சட்டம் அவளுடைய ஸ்கேன் அட்டையைக் கலரில் ஜெராக்ஸ் எடுத்து, பிளாஸ்டிக் உறை போட்டுக் கடைக்குக் கடை மாட்டினார். அதற்குக்கூட அவர் காசு வாங்கவில்லை. அதிசயம்தான்!

பிறகு அந்தத் தெருவில் ஒரு புதுச் சத்தம் பிறந்தது. டீ குடித்தவன் போனைக் காட்டிவிட்டு நகர்வான். டீக்கடைக்காரர் அங்கிருந்தே குரல் கொடுப்பார்: “தங்கச்சி, வந்துச்சா?” தையல்காரி மெஷினை நிறுத்தி, மடியிலிருக்கிற போனைப் பார்த்து, “வந்துச்சுண்ணே!” என்பாள். எதிர்ப்பக்கமிருந்து பஞ்சர்காரன், “அக்கா, வந்துச்சா?” “வந்துச்சுடா!” நாள் முழுக்க இதே பாட்டு. தையல் பாதியில் நிற்கும், நூல் அறும், கழுத்துப் பட்டி கோணும். அவளுக்கு அலுக்கவேயில்லை. தன்னையும் நம்பி நாலு பேர் இருக்கிறார்கள் என்பதில் அவளுக்கு ஒரு பெருமைகூட இருந்தது. சாயங்காலம் வங்கிக்குப் போய் ஒரே தடவையில் எடுத்து வந்து, கட்டிங் மேஜையில் வைத்துப் பிரித்துக் கொடுப்பாள். ஒருநாள்கூட ஒரு குறை வார்த்தை வந்ததில்லை.

வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் கட்டிக்கொண்ட கதை அது. அவளுக்குத்தான் அப்போது தெரியவில்லை.

ஆஸ்பத்திரியில் ஒருநாள், மருத்துவ அட்டையைத் தேய்த்துப் பார்த்த குமாஸ்தா உதட்டைப் பிதுக்கினான்.

“செல்லாதுன்னு வருதும்மா.”

“நல்லாப் பாருங்க தம்பி. போன தடவை எடுத்துச்சே?”

அவன் திரையைத் திருப்பிக்கொண்டு படித்தான். பிறகு அவளுடைய பழைய செருப்பைப் பார்த்தான், முகத்தைப் பார்த்தான். “உங்க கணக்குல வந்துட்டுப் போற பணத்தப் பாத்தா நீங்க எனக்கே கடன் குடுக்கலாம்மா. உங்களுக்கு எதுக்கு இலவசம்?”

கட்டணம் பிடிக்கும்போது எத்தனை தடவை என்று பார்த்த அரசாங்கம், ஏழையா என்று கேட்கும்போது எவ்வளவு தொகை என்று பார்த்தது. சட்டம் என்கிற மகா புத்திசாலிக்கு அது தோன்றவேயில்லை. அந்தத் தெருவில் யாருக்குமே தோன்றவில்லை.

அன்றைக்குக் கம்மலைக் கழற்றிக் கொடுத்து அவரை மெஷினில் படுக்க வைத்தாள். மறுநாள் அட்டை கொடுக்கிற ஆபீசில் போய் முறையிட்டாள். அங்கிருந்த அதிகாரியம்மா கெட்டவர் இல்லை. உட்காரச் சொல்லி, தண்ணீர் கொடுத்து, பொறுமையாகத்தான் சொன்னார்.

“அந்தப் பணம் உங்களோடது இல்லன்னா, யாரோடதோ அவங்க எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுக்கட்டும். நான் உங்க பேரத் திரும்பச் சேத்துடறேன். வேற வழி எனக்கும் இல்லம்மா.”

அவ்வளவுதானே! அவளுக்குப் பாதி உயிர் வந்தது. தெருவே நம்ம தெரு, ஒரு கையெழுத்தா பெரிசு என்று ஓடி வந்தாள். நேராகச் சட்டத்திடம்தான் போனாள்.

அவர் மெஷினில் காகிதம் அடுக்கிக்கொண்டே இருந்தார். நிமிரவில்லை. “சட்டப்படி பாத்தா, நான் கையெழுத்துப் போட்டா, என் காச ஏன் அடுத்தவங்க கணக்குல ஒளிச்சேன்னு கேப்பான்க்கா. கட்டணத்த ஏமாத்துனதுக்கு அபராதம் போடுவான். கடைய இழுத்து மூட வேண்டியதுதான்.”

“நீதானேப்பா இந்த வழியச் சொன்னே?”

“வாயால சொன்னேன்க்கா. எழுத்துல குடுக்க முடியுமா?”

டீக்கடைக்காரர் தலையைச் சொறிந்தார். “ஜெராக்ஸ்காரன் போடட்டும் தங்கச்சி. அடுத்த நிமிஷம் என் கையெழுத்து.” பஞ்சர்காரன், “எல்லாரும் போட்டா நான் மாட்டேன்னா சொல்லப்போறேன்?” என்றான். அடுத்த கடைக்காரன் அவனைக் காட்டினான். கழுவுகிற மீனில் நழுவுகிற மீனாக ஒவ்வொருவரும் நழுவினார்கள். யாரும் முடியாது என்று சொல்லவில்லை, அதுதான் கொடுமை. முடியாது என்று சொல்லியிருந்தால் ஒரு சண்டையாவது போட்டிருக்கலாம்.

அன்று சாயங்காலம் அவள் வழக்கம்போல வங்கிக்குப் போய்ப் பணத்தை எடுத்து வந்தாள். பிரிக்கவில்லை. கட்டிங் மேஜையின் இழுப்பறையில் போட்டுப் பூட்டி, சாவியைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

எல்லோரும் வந்து நின்றார்கள்.

“எது எவ்வளவு உங்களுதுன்னு எழுதிக் கையெழுத்துப் போடுங்க. காச வாங்கிட்டுப் போங்க” என்றாள். அப்படிப் பேசி அவளுக்குப் பழக்கமில்லை.

“விளையாடறியா தங்கச்சி? காலையில பால்காரன் வந்து நிப்பான்.”

“என் வீட்டுக்காரர் எந்திரிச்சு நிக்கணும்ணே.”

முதலில் கெஞ்சினார்கள். பிறகு முணுமுணுத்தார்கள். கூட்டத்தில் பின்னாலிருந்து ஒரு குரல், “இவ்வளவு நாளும் இதுக்குத்தான் நல்லவ வேஷமா? திருடி!” என்றது. யார் சொன்னது என்று அவள் பார்க்கவில்லை. அந்தக் குரல் பஞ்சர்காரனுடையது என்று பார்க்காமலே தெரிந்தது. மயங்கி விழுந்த புருஷனைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓடியவன் அவன்தான்.

அந்த வார்த்தை உள்ளே போய்ச் சேர்ந்துவிட்டது. புருஷன் சுவரைப் பிடித்துப் பிடித்து வாசலுக்கு வந்து நின்றார்.

“குடுத்துடு.”

“நீங்க உள்ள போங்க.”

“அடுத்தவன் காசுல என் ரத்தத்தக் கழுவணுமா? உன்னைத் திருடின்னு சொல்ல வச்சு நான் உசுரோட இருக்கணுமா? குடுத்துடும்மா.”

“சொன்னா சொல்லிட்டுப் போறாங்க! எனக்கு நீங்க வேணும்!” என்று கத்தினாள். தெருவே கேட்கக் கத்தினாள். வெட்கமெல்லாம் போய்விட்டது. பட்ட கடன், வாங்கிய பேச்சு எதற்கும் அழாதவள், வாய்விட்டு அழுதாள்.

அவர் அவள் கைவிரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துச் சாவியை எடுத்தார். பிடுங்கவில்லை, பிடுங்கவும் அவருக்குத் தெம்பு இல்லை. அவளே விட்டுவிட்டாள். அவர்தான் பணத்தைப் பிரித்துக் கொடுத்தார். வாங்கினவர்கள் யாரும் அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

ஓரம் அடிக்கிற மெஷினை விற்றாள். அந்தக் காசு சில தடவை டயாலிசிஸுக்கு வந்தது. தம்பியிடம் வாங்கினாள், அது ஒரு தடவைக்கு வந்தது. அதற்குப் பிறகு ஆஸ்பத்திரிக்குப் போகிற நாள் வந்தது, அவர்கள் போகவில்லை. அடுத்த நாளும் வந்தது, அன்றும் போகவில்லை. கால் வீங்கி, முகம் வீங்கி, படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று கடையிலேயே அவர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். அவள் பக்கத்தில் சீருடை தைத்துக்கொண்டிருந்தாள்.

இதற்குள் ஊர் கொதித்துவிட்டது. கடையடைப்பு, ஊர்வலம், வங்கி வாசலில் மறியல் என்று எங்கே பார்த்தாலும் ஒரே கூச்சல். ஒருநாள் மத்தியானம் டீக்கடை டி.வி.யில் செய்தி வந்தது. கட்டணத்தை அரசாங்கம் வாபஸ் வாங்கிக்கொண்டது. தெரு துள்ளிக் குதித்தது. ஒருவரை ஒருவர் கட்டிப் பிடித்தார்கள். சட்டம் ஸ்டூல் போட்டு ஏறி, அந்தச் சண்டைக்குப் பிறகு சும்மா தொங்கிக்கொண்டிருந்த ஸ்கேன் அட்டைகளைக் கடைக்குக் கடை கழற்றினார். கடைசியாக அவளிடம் அந்த அட்டைகளைக் கொண்டுவந்து வைத்தார்.

“ஜெயிச்சுட்டோம்க்கா!”

அவள் மெஷினை நிறுத்தினாள். “அப்ப என் ஆஸ்பத்திரி அட்டை திரும்ப வருமா?”

“சட்டப்படி பாத்தா… அது வேற இலாகாக்கா.”

“இப்ப கட்டணம்தான் இல்லையே. கையெழுத்துப் போடலாம்ல?”

அவர் நாற்காலியிலிருந்தவரைப் பார்த்தார், சட்டென்று வாசலைப் பார்த்தார். “முன்னாடி நடந்ததுக்கு முன்னாடி இருந்த சட்டம்தான்க்கா. பழசக் கிளறினா எல்லாருக்கும்…” என்று இழுத்தார். முடிக்காமலே போய்விட்டார்.

டீக்கடைக்காரர் இரண்டு கிளாஸ் டீயோடு வந்தார். விளிம்பு தளும்பியது. “இன்னைக்குத் தெருவுக்கே ஓசி தங்கச்சி” என்று மேஜையில் வைத்தார். துண்டால் மேஜையைத் துடைத்துவிட்டுப் போனார்.

புருஷனுடையது சிறுநீர் பிரியாத உடம்பு. குடிக்கிற ஒவ்வொரு வாயும் உள்ளேயே தங்கி நெஞ்சை அடைக்கும். மெஷின் சுத்தம் செய்துகொண்டிருந்த நாளிலேயே டாக்டர் அளவு போட்டிருந்தார். அவள் மருந்து மூடியில் அளந்துதான் தண்ணீர் கொடுப்பாள். எத்தனை கெஞ்சினாலும், எரிந்து விழுந்தாலும், ஒரு சொட்டு கூடுதலாகக் கொடுத்ததில்லை.

அவர் கிளாஸை எடுத்தார். அவளைப் பார்த்துக்கொண்டே ஒரு வாய் குடித்தார். அவள் தடுக்கவில்லை. இன்னொரு வாய் குடித்தார். அடி வரைக்கும் குடித்து முடித்து, நாக்கால் உதட்டைத் துடைத்துக்கொண்டார்.

“சூடா இருக்கு. முழுசாக் குடிச்சு எத்தனை நாளாச்சு!” என்றார். முகத்தில் உண்மையாகவே ஒரு சந்தோஷம் தெரிந்தது. அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

அவர் கண் அவளுடைய கிளாஸுக்குப் போனது. அவள் அதையும் அவர் பக்கம் நகர்த்தினாள்.

வெளியே டீக்கடைக்காரர் கேட்டார்: “இன்னொண்ணு போடவா தங்கச்சி?”

“போடுங்கண்ணே” என்றாள்.