பெண்கள் பக்கத்து அருவி

குற்றாலத்து அருவியைக் குடத்தில் பிடித்து, வில்வண்டியில் ஏற்றித் தென்காசிக்குக் கொண்டுவந்தவர் எங்கள் அப்பா. விளையாட்டுக்குச் சொல்லவில்லை. 1938-ஆம் வருஷம் மாசி மாதம் முழுவதும் வாரத்துக்கு இரண்டு தடவை இந்தக் கூத்து நடந்தது. என் தம்பி நாயகத்தைக் கிணற்றடியில் உட்காரவைத்து, செப்புக்குடத்தை அவன் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்து, அப்பா மெதுவாகச் சரிப்பார். மூன்று மைல் வெயிலில் வந்த தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்கும். நாயகம் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். குடம் காலியானதும் எழுந்துபோய் வாந்தி எடுப்பான்.

அவனுக்கு ஒற்றைத் தலைவலி. முழுப்பெயர் ஆவுடைநாயகம், அப்போது வயது பதிமூன்று. இடது புருவத்துக்கு மேலே குத்த ஆரம்பித்தால் வெளிச்சம் ஆகாது, பேச்சுச் சத்தம் ஆகாது, கை இரண்டும் சில்லிட்டுப் போகும். அம்மா சுக்கை உரைத்துப் பற்றுப் போடுவாள். டாக்டர் கொடுத்த பொடி ஒரு மணி நேரம் கேட்கும். சாரல் காலத்தில் மட்டும் வலி அநேகமாக வராது. வந்தாலும் அருவியில் நின்றால் போய்விடும். ஆனால் மாசியில் அருவி ஏது? பாறையில் நூலாக இறங்கிக்கொண்டிருக்கும். அந்த நூலைத்தான் அப்பா குடத்தில் பிடித்தார். பத்திரம் எழுதுகிறவர், ஒரு எழுத்துத் தப்பமாட்டார். அருவி என்றால் தண்ணீர்தான் என்பதிலும் அவருக்குச் சந்தேகமே இல்லை.

பங்குனியில் எட்டாம் வகுப்பு அரசாங்கப் பரீட்சை. முந்தின வருஷம் கணக்குப் பரீட்சை அன்று நாயகம் விடைத்தாளிலேயே வாந்தி எடுத்து, பாதியில் வீட்டுக்கு அனுப்பப்பட்டான். இந்தத் தடவையும் எழுதாவிட்டால் படிப்பு நின்றது, செங்கோட்டையில் சித்தப்பாவின் மலைச்சரக்குக் கடைக்குப் போகவேண்டியதுதான் என்று அப்பா சொல்லிவிட்டார். மிளகு நெடியில் நாலு நிமிஷம் நின்றாலே அவனுக்குத் தலை பிளக்கும். அவன் அழவில்லை. ஆனால் சாப்பாடு இறங்காமல் ஆள் பாதியாகிப்போனான்.

எனக்கு அப்போது வயது பதினைந்து. ஐந்தாம் வகுப்போடு நிறுத்தி, பெரியவளானதும் வாசலுக்கு வருவதையும் நிறுத்திவிட்டார்கள். அந்தக் கோபம் எனக்கு இன்றைக்கும் உண்டு. நாயகம் கொண்டுவருகிற பாடப்புத்தகம்தான் எனக்கு வெளியுலகம். அவன் கடைக்குப் போய்விட்டால் அதுவும் கிடையாது. எனக்கும் சேர்த்துத்தான் அவன் அந்தப் பரீட்சையை எழுதவேண்டியிருந்தது.

அவனோடு படித்த சேக் மைதீன் கடையநல்லூர்க்காரன். அவன் மாமா கொழும்பிலிருந்து கொண்டுவந்த மெஸ்மரிசப் புத்தகம் ஒன்றை நாயகத்துக்கு இரவல் கொடுத்தான். அட்டையில் ஒரு ஆள் கண்ணை உருட்டி நம்மை முறைத்துக்கொண்டிருப்பான். தலைவலி, பல்வலி, குழந்தைகளின் பயம் எல்லாவற்றையும் மனத்தாலேயே போக்கலாம் என்று எழுதியிருந்தது. நாயகம் அதை என்னிடம் தந்து, "எக்கா, செஞ்சு பாப்பமா?" என்றான்.

நெல் குதிர் இருந்த அறை எப்போதும் இருட்டாக இருக்கும். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அங்கே உட்கார்ந்தோம். புத்தகத்தில் சொன்னபடி ஒரு பித்தளைச் செம்பை அவன் முன்னால் பிடித்து, கனத்த குரலில், "உனக்கு வலி இல்லை" என்று ஆணையிட்டேன்.

"வலிக்குது" என்றான்.

"இல்லைன்னு சொல்லுதேம்லா."

"ஒனக்கு எப்படித் தெரியும்? தலை என்னுதுல்லா?"

அந்தப் புத்தகத்தை எழுதியவனுக்கு ஒரு நாளும் தலை வலித்திருக்காது. எரிச்சலில் செம்பைத் தூர வைத்துவிட்டு, "கண்ணை மூடுலே. குத்தாலத்துக்குப் போவோம்" என்றேன். வாயில் வந்ததைச் சொன்னேன். வண்டியை விட்டு இறங்குகிறோம். கல் வழுக்குகிறது. சாரல் முகத்தில் விழுகிறது. இதோ மஞ்சள் மணம், சீயக்காய் மணம். ஈரச் சேலை காலில் அடிக்கிறது. யாருடைய வளையலோ குலுங்குகிறது. இப்போது தண்ணீர் உச்சியில் விழுகிறது, பிடரியில் விழுகிறது, தோளில் வழிந்து போகிறது. வேறு எந்தச் சத்தமும் கேட்கவில்லை.

அவன் நெற்றிச் சுருக்கம் விட்டது. கையைத் தொட்டுப் பார்த்தேன். சில்லிட்டிருந்த கையில் சூடு ஏறியிருந்தது.

அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் அரை மணி நேரம் குற்றாலம் போய்வந்தோம். வலி முழுசாகப் போய்விட்டது என்று சொல்லமாட்டேன். பத்துக்கு ஆறு தடவை குறையும், இரண்டு தடவை தூங்கிவிடுவான். ஒரு நாள் அம்மா எட்டிப் பார்த்து, "ஏட்டி குருவம்மா, என்ன செய்யுதிய?" என்றாள்.

"பாடம் ஒப்பிக்காம்மா."

"வாயையே தொறக்கலையே."

"மனசுக்குள்ள ஒப்பிக்கான்."

அம்மா போய்விட்டாள். எவ்வளவு சந்தோஷமான அரை மணி அது! இத்தனை வயதுக்குப் பிறகும், எண்ணெய்ச் சட்டி புகைந்தாலும் கவனியாமல் சில நாள் மனசாலே அந்தக் குதிர் அறைக்குப் போய் உட்கார்ந்துவிடுகிறேன். நாயகம் இறந்துபோய் நாலு வருஷம் ஆகிறது.

ஒரு விஷயத்தை நான் அவனிடம் மறைத்தேன். புத்தகத்தின் கடைசி அத்தியாயம், வலிக்காரன் யார் துணையும் இல்லாமல் தன்னைத் தானே அந்த நிலைக்குக் கொண்டுபோவது பற்றியது. அதை அவனுக்கு வாசித்துக் காட்டவில்லை. அவனுக்கு அது தெரிந்துவிட்டால் நான் எதற்கு? மறுபடியும் அம்மியும் அடுப்பும்தானே? தம்பியின் பரீட்சையை விட என் அரை மணி எனக்குப் பெரிதாக இருந்திருக்கிறது. நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

பரீட்சைக்கு எட்டு நாள் இருக்கையில் அப்பாவிடம் கேட்டேன், "நானும் வந்து பள்ளிக்கூடத்து வராந்தாவில இருக்கட்டுமா?" என்று. அப்பா எழுதிக்கொண்டிருந்த பத்திரத்திலிருந்து தலையைத் தூக்கவில்லை. "வயசுக்கு வந்த பிள்ளைக்கு அங்கன என்ன சோலி?" என்றார். அதோடு சரி.

அன்று சாயங்காலம் கடைசி அத்தியாயத்தை எடுத்துவைத்து உரக்க வாசித்தேன். நாயகம் கடைசி வரைக்கும் கேட்டுவிட்டு, "தெரியும். ஒன்ட்ட தரதுக்கு முன்னாலேயே படிச்சுட்டேன்" என்றான்.

எனக்குச் சுருக்கென்றது. "பெறவு ஏம்லே தனியா செய்யல?"

"வகுப்புல ரெண்டு மூணு தடவ செஞ்சு பாத்தேன். சரியா வரல." புத்தகத்தை மூடிவைத்தான். "நீ சொல்லுதது பொம்பளையாள் பக்கம்லா."

எனக்கு முதலில் விளங்கவில்லை. பிறகுதான் உறைத்தது. பேரருவியில் ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். நான் ஆண்கள் பக்கத்தைக் கண்ணால் கண்டவளா? மஞ்சளும் வளையலுமாக, எனக்குத் தெரிந்த அருவியைத்தான் இத்தனை நாளும் சொல்லியிருக்கிறேன்.

"ஆம்பளையாள் பக்கம் வேற மாதிரி இருக்குமா?"

"தண்ணிக்குள்ள போயிட்டா வலி போயிரும். அதுக்குள்ள ஒரே தள்ளுமுள்ளு. கத்துவாவ. அப்பா பிடரியைப் பிடிச்சு உள்ள தள்ளுவா. நெனைச்சாலே கூடக் கொஞ்சம் வலிக்கும்."

"அப்ப பொம்பளையாள் பக்கமே போயேம்லே."

"பதிமூணு வயசாச்சுக்கா. அங்கன விடமாட்டாவ."

"மனசுக்குள்ளயுமா வெரட்டுதாவ?"

"வெரட்டுதாவ" என்றான், முகத்தைச் சுளித்துக்கொண்டு. "நீ கூடச் சொல்லிக்கிட்டு வந்தா ஒண்ணும் சொல்லமாட்டேங்காவ."

சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. எங்கள் ஊர்ப் பிள்ளையைத் தவிர வேறு யாருக்கு இப்படி ஒரு தடை வரும்? சட்டம் தெரிந்த அப்பா பெற்ற பிள்ளை, கனவில்கூடத் தப்பான பக்கம் கால் வைக்கமாட்டான். உட்கார்ந்து யோசித்தேன். ஐந்து வயது வரைக்கும் அவன் எங்களோடுதான் குளித்தான். அரைஞாண் கயிற்றோடு நிற்பான், யாரும் ஒன்றும் சொன்னதில்லை.

"சின்னப்பயலா போ" என்றேன். "போறதுக்கு முன்னால ஒண்ணொண்ணா வயசைக் கொறைச்சுக்கிட்டே வா. பன்னெண்டு, பதினொண்ணு, பத்து. அஞ்சு வந்ததும் எறங்கு."

அந்த எட்டு நாளும் அப்படித்தான் பழகினான். நான் அறைக்கு வெளியே, வாயைப் பொத்திக்கொண்டு கதவடியில் உட்கார்ந்திருந்தேன். பேசாமல் இருப்பது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்று என்னைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும். நாலு நாள் ஒன்றும் நடக்கவில்லை, ஏழு வயசிலேயே நின்றுவிடுகிறது என்றான். ஐந்தாம் நாள் வெளியே வந்தவன் முகம் தெளிவாக இருந்தது. ஆனால் அன்றைக்கு வலியும் லேசுதான். பெரிய வலி வந்தால் என்ன ஆகும் என்று இருவருக்குமே தெரியாது.

கணக்குப் பரீட்சை அன்று காலையில் நல்ல வெயில். அவன் போகும்போதே கண்ணைச் சுருக்கிக்கொண்டு போனதைப் பார்த்தேன். அன்று குழம்பில் இரண்டு தடவை உப்புப் போட்டு அம்மாவிடம் திட்டு வாங்கினேன். காலையிலிருந்தே கதவுச் சத்தத்துக்குத்தான் காதைக் கொடுத்திருந்தேன். போன வருஷம் பதினோரு மணிக்கே கொண்டுவந்து விட்டுவிட்டார்கள். பதினொன்று ஆயிற்று, பன்னிரண்டு ஆயிற்று. யாரும் வரவில்லை.

அவன் பாஸ் செய்தான். அப்பா ஊரெல்லாம் அருவித் தண்ணீரின் மகிமையைச் சொல்லிக்கொண்டு திரிந்தார். சொல்லிக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டோம். பிறகு திருநெல்வேலிக்குப் படிக்கப் போனான், உத்தியோகம் பார்த்தான், தலைவலியும் அவ்வப்போது வந்து போனது. எனக்கு அதெல்லாம் பெரிதில்லை. அந்தக் கணக்குப் பரீட்சை அன்று சாயங்காலம்தான் பெரிது.

மத்தியானப் பரீட்சையையும் எழுதிவிட்டு நாலரை மணிக்குப் பின்வாசல் வழியாக வந்தான். முகம் வெளுத்திருந்தது, ஆனால் நிமிர்ந்து நடந்து வந்தான். ஒரு செம்புத் தண்ணீரைக் குடித்துவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"வந்துச்சா?" என்றேன்.

"வந்துச்சு. நாலாம் கணக்குல. நல்ல வலி."

"என்ன செஞ்ச?"

"பேனாவைக் கீழ வச்சுட்டுப் போயிட்டு வந்தேன். கால் மணி போயிட்டு. ரெண்டு கணக்கு விட்டுப்போச்சு."

"அங்கன விட்டாவளா?"

"ஒரு பொம்பளை மறிச்சா. யார்கூடலே வந்திருக்கன்னு கேட்டா." தலையைச் சாய்த்து என் தோளில் வைத்துக்கொண்டான். "எங்க அக்கா கூடன்னு சொன்னேன். விட்டுட்டா."